டிரான்ஸ்ஃபார்மர் ரோட்டோரம், மில்லு 150 மீட்டர் உள்ள: எர்த்திங் வேலையை எப்படிச் செய்யணும்

பல்லடம், பொள்ளாச்சி, உடுமலை பக்கம் புதுசா ஹெச்டி சர்வீஸ் (உயர் அழுத்த மின் இணைப்பு) எடுக்கறவங்க நிறைய பேருக்கு இடம் இப்படித்தான் அமையுது. ஈபி லைன் ரோட்டோரமா போகும், அதனால ரெட்டைக் கம்பம் நிக்கற டிபி ஸ்ட்ரக்சரும் டிரான்ஸ்ஃபார்மரும் தோட்டத்து முகப்புல நிக்கும், மில்லு ஷெட் நூறு, நூத்தம்பது மீட்டர் உள்ள இருக்கும். எங்க நார் மில்லுக்கு 11 கே.வி. சர்வீஸ் எடுத்தப்ப எர்த்திங் விஷயத்துல ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மறுத்தாரு, அஞ்சு எர்த் குழி (மண்ணுல பைப் இறக்கற குழி) போட்டா முடிஞ்சுதுன்னு ஒரு கான்ட்ராக்டர், நியூட்ரலையும் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பற கம்பி) எர்த்தையும் சேர்த்துக் கட்டுங்கன்னு ஒரு ஒயர்மேன், சேர்க்கவே கூடாதுன்னு இன்னொருத்தர், கடைசில அலைஞ்சு திரிஞ்சு படிச்சு கேட்டுத்தான் ஒரு தெளிவுக்கு வந்தோம். நீங்க அந்த அலைச்சல் படவேண்டாம்னுதான் இதை எழுதறேன்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், இது நீங்களே பிளையர் எடுத்துட்டுப் போய் செய்யற வேலை இல்லை. ஹெச்டி வேலைக்கு லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான் செய்யணும், சூப்பர்வைசருக்கும் சர்டிபிகேட் இருக்கணும். ஆனா காசு கொடுக்கறது நீங்க, அந்த மோட்டாரைத் தொடப்போறது உங்க ஆளுங்க, அதனால என்ன கேட்கணும், எதைப் பார்க்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

1. முதல்ல இந்தக் கணக்கைப் புரிஞ்சுக்கங்க

எர்த் குழி போட்டா கரண்ட் பூமிக்குள்ள போயிடும்னுதான் எல்லாரும் நினைக்கறோம். கரண்ட் பூமிக்குள்ள போய் மறையாது, அது கிளம்பின டிரான்ஸ்ஃபார்மரோட நியூட்ரலுக்குத் திரும்பி வந்தாகணும். அது எந்த வழியா திரும்புதுங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

உங்க டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் குழி 2 ஓம் காட்டுது, மில்லுகிட்ட போட்ட குழி 3 ஓம் காட்டுதுன்னு வைங்க. ரெண்டுமே நல்ல ரீடிங்தான், யாரும் குறை சொல்ல மாட்டாங்க. இப்ப மில்லுல ஒரு மோட்டார் பாடி ஷார்ட் ஆகுது, ரெண்டு இடத்துக்கும் நடுவுல மண்ணு மட்டும்தான் வழி. 240 வோல்ட்டை 5 ஓம்மால வகுத்தா 48 ஆம்பியர். 100 ஆம்பியர் எம்சிசிபி (பேனல்ல இருக்கற பிரேக்கர்) இதைச் சாதாரண லோடுன்னு நினைச்சு அப்படியே விட்டுடும், டிரிப் ஆகாது. அந்த நேரம் மோட்டார் பாடில நிக்கறது 48 தடவை 3, அதாவது 144 வோல்ட். ஈரத் தரைல நின்னு நார் அள்ளிப் போடற அம்மா அந்த மோட்டார் மேல கைய வச்சா என்ன ஆகும்னு நான் சொல்லவேண்டாம்.

அதே இடத்துல, மில்லு பேனலோட எர்த் பஸ்பார்ல (எர்த்தெல்லாம் வந்து சேர்ற உலோகச் சட்டம்) இருந்து டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் எர்த் வரைக்கும் ஒரு இரும்புப் பட்டை அறுபடாம போகுதுன்னு வைங்க. மொத்த சுற்றோட எதிர்ப்பு கால் ஓம்முக்குள்ள அடங்கிடும், அப்ப ஆயிரம் ஆம்பியர் கிட்ட பாயும், பிரேக்கர் அந்த நொடியே விழும். அதனால குழி ரீடிங் நல்லா இருக்குன்னு யாராவது சொன்னா, சரிங்க, பட்டை எங்கன்னு கேளுங்க. இந்தக் கட்டுரையே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

2. விலை கேட்கறதுக்கு முன்ன மண்ணை அளங்க

நாலு குச்சி வச்சு மண்ணோட எதிர்ப்பை அளக்கற டெஸ்ட் இருக்கு, எர்த் மெக்கர் (எர்த் எதிர்ப்பை அளக்கற கருவி) வச்சிருக்கற யாரும் அரை நாள்ல செஞ்சுடுவாங்க. இதைச் செய்யாம கொட்டேஷன் வாங்கினா எல்லாரும் அஞ்சு குழின்னு எழுதிடுவாங்க, அப்புறம் ரீடிங் வரலைன்னு குழிக்குக் குழி எக்ஸ்ட்ரா பில் வரும். நம்ம பக்கத்து செம்மண், சரளை, அடில பாறை, இதுலயெல்லாம் ரீடிங் இறங்கறது கஷ்டம்.

ஒரு உதாரணம். மண்ணோட எதிர்ப்பு 100 ஓம் மீட்டர்னா, 40 மி.மீ. விட்டம், 3 மீட்டர் நீளப் பைப் ஒண்ணு தனியா கணக்குப்படி 30 ஓம் கொடுக்கும். விட்டத்தை ரெண்டு மடங்காக்கி 80 மி.மீ. பைப் போட்டீங்கன்னா 26, 27 ஓம், அவ்வளவுதான் குறையும். நீளத்தை 6 மீட்டர் ஆக்குங்க, 17 ஓம்முக்கு வந்துடும். அதனால தடிமன் பைப்புன்னு விலை சொல்றவங்ககிட்ட ஏமாறாதீங்க, ஆழம்தான் வேலை செய்யும். பாறை வந்து நின்னா போர் வண்டி விட்டு ஆழமா துளை போட்டு எலக்ட்ரோட் இறக்கறது செலவுதான், ஆனா மேலோட்டமா பத்து குழி போடறதைவிட அது தேவலை.

3. டிராயிங்கும் பேப்பரும், வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னயே

ஈபி ஒரு பக்கம், எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டர் ஆபீஸ் இன்னொரு பக்கம், ரெண்டும் தனித்தனி. ஈபி உங்க அப்ளிகேஷன், எஸ்டிமேட், டெபாசிட், மீட்டர் இதையெல்லாம் பார்க்கும். இன்ஸ்பெக்டரேட் உங்க இன்ஸ்டலேஷன் பாதுகாப்பா இருக்கான்னு பார்க்கும், அவங்க சர்டிபிகேட் இல்லாம சப்ளை கிடையாது. ரெண்டையும் ஒண்ணு முடிச்சு இன்னொண்ணுன்னு வரிசையா ஓட்டாதீங்க, கூடவே நடத்துங்க.

டிராயிங் கொடுக்கறப்ப சிங்கிள் லைன் டயகிராம் மட்டும் கொடுத்தா பத்தாது, எர்த்திங் லேஅவுட் தனியா ஒரு ஷீட்டா இருக்கணும். ஒவ்வொரு குழியும் எங்க, எதுக்கு, குழிக்குக் குழி எவ்வளவு தூரம், பட்டை சைஸ் என்ன, மில்லு பேனல் வரைக்கும் பட்டை எந்த வழியா போகுது, எல்லாம் அதுல வரணும். நிறைய டிராயிங்ல டிரான்ஸ்ஃபார்மர் யார்டு மட்டும் அழகா வரைஞ்சிருப்பாங்க, மில்லு வரைக்கும் போற பட்டை இருக்கவே இருக்காது. டிராயிங்ல இல்லாதது கொட்டேஷன்ல இருக்காது, கொட்டேஷன்ல இல்லாதது மண்ணுக்குள்ள இருக்காது.

கடைசில ஃபைல்ல இருக்கவேண்டியது: டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனி கொடுத்த டெஸ்ட் சர்டிபிகேட், எல்ஏ (இடியைத் தாங்கற லைட்னிங் அரெஸ்டர்), பிரேக்கர், கேபிள் இதோட டெஸ்ட் ரிப்போர்ட், குழிவாரியா எர்த் ரீடிங், கான்ட்ராக்டர் லைசென்ஸ் காப்பி, சூப்பர்வைசர் சர்டிபிகேட் காப்பி, கம்ப்ளீஷன் ரிப்போர்ட். லைசென்ஸ் காலாவதி தேதியை நீங்களே கண்ணால பாருங்க. இன்ஸ்பெக்‌ஷன் சமயத்துல ரின்யூவல்ல இருக்குன்னு சொன்னா உங்க வேலைதான் நிக்கும்.

4. டிரான்ஸ்ஃபார்மர் ஆர்டர்ல ஒரு வரி சேருங்க

எல்டி (குறைந்த அழுத்த) பக்கம் கேபிள் பாக்ஸ் வச்ச டிரான்ஸ்ஃபார்மர் வாங்கறீங்கன்னா, எர்த்திங்குக்குன்னு வெளிய தனியா ஒரு நியூட்ரல் புஷ்ஷிங் (டேங்குக்கு வெளிய இணைப்பு எடுக்கற பீங்கான் முனை) வேணும்னு ஆர்டர்லயே எழுதிடுங்க. இல்லைன்னா பாக்ஸுக்குள்ள கேபிள் லக்கோட சேர்த்து பட்டையை நெருக்கி முறுக்குவாங்க, அங்கதான் பின்னாடி சூடாகும். டேங்க்ல ரெண்டு எர்த் போல்ட் எதிரெதிர் பக்கம் இருக்கான்னும் பாருங்க. டெலிவரி ஆனப்புறம் சொன்னா யாரும் மாத்தித்தர மாட்டாங்க.

5. எத்தனை குழி, எதுக்கு எது

நியூட்ரலுக்கு ரெண்டு தனி எர்த், பாடிக்கு ரெண்டு தனி எர்த், இது சிஇஏ (மத்திய மின்சார ஆணையம்) பாதுகாப்பு விதிமுறைல வர்ற விஷயம், பேரம் கிடையாது. இதுக்கு மேல எல்ஏவுக்குத் தனி. அஞ்சு குழிங்கறது இப்படித்தான் வந்துச்சு, அது ஆரம்பம்தான், ரீடிங் வரலைன்னா கூட்டிட்டே போகணும்.

நியூட்ரல் பட்டை புஷ்ஷிங்ல இருந்து நேரா குழிக்குப் போகணும், போற வழில டேங்கைத் தொடக்கூடாது, இன்சுலேட்டர் மேல தாங்கி இறக்கணும். நிறைய இடத்துல ரேடியேட்டர் மேல சாய்ச்சு இறக்கியிருப்பாங்க. எல்ஏ டவுன் லீடு வளைவு இல்லாம, குறுக்கு வழில, இரும்புப் பைப்புக்குள்ள நுழைக்காம போகணும், இடி கரண்ட்டுக்கு வளைவு ஆகாது.

குழிக்குக் குழி இடைவெளிலதான் ஏமாத்து அதிகம். 3 மீட்டர் பைப்னா குறைஞ்சது 6 மீட்டர் தள்ளித்தான் அடுத்தது வரணும், பைப் நீளத்துல ரெண்டு மடங்கு. யார்டு சின்னதுன்னு ரெண்டு மீட்டருக்கு ஒண்ணா போட்டா, ஒரே மண்ணை அஞ்சு பைப்பும் பங்கு போடும், அஞ்சு குழியோட பலன் முழுசா கிடைக்காது. யார்டுல இடம் இல்லைன்னா மில்லுக்குப் போற பாதையோரமா நீட்டிப் போடுங்க.

உப்பு கரி போடறது பழக்கம்தான், ஆனா உப்பு ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்பை அரிக்கும், மழைல கரைஞ்சும் போயிடும். பென்டோனைட் களிமண் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், டிரான்ஸ்ஃபார்மர் தள்ளி இருந்து தினம் தண்ணி ஊத்த ஆள் இல்லைன்னா அதுதான் நல்லது. செம்புப் பட்டை ஆசைப்பட்டுப் போடாதீங்க, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல திருட்டுப் போயிடும், அதோட மண்ணுக்குள்ள செம்பும் ஜிஐயும் சேர்ந்து கிடந்தா ஜிஐதான் அரிச்சுப் போகும்.

6. அந்த 150 மீட்டர் பட்டை

செலவுல பெரிய பங்கு இதுலதான், அதனாலதான் முதல்ல வெட்டறதும் இதைத்தான். எடையை நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. 50க்கு 6 மி.மீ. ஜிஐ பிளாட் மீட்டருக்கு 2.36 கிலோ, ரெண்டு பட்டையா பக்கத்துல பக்கத்துல ஓட்டினா, 150 மீட்டருக்கு 700 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. 25க்கு 6 போட்டா சரி பாதி. அன்னிக்கு கிலோ விலை கேட்டு பெருக்கினா கான்ட்ராக்டர் சொல்ற தொகை நியாயமான்னு தெரிஞ்சுடும்.

250 கேவிஏ, 4.5 சதவீத இம்பீடன்ஸ் (ஏசி கரண்ட்டுக்கு வர்ற மொத்த எதிர்ப்பு) டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபுல் லோடு 333 ஆம்பியர், ஷார்ட் ஆனா உச்சத்துல 7,400 ஆம்பியர் கிட்ட வரும். ஒரு நொடிக்குத் தாங்கறதுன்னு பார்த்தா 25க்கு 6 சைஸே போதும், ஆனா தூரம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும், பிரேக்கர் விழறதுக்கு வேண்டிய கரண்ட் கடைசி மோட்டார் வரைக்கும் வருதான்னு பார்த்துத்தான் சைஸ் முடிவு பண்ணணும். இந்தக் கணக்கை எழுதித் தரச்சொல்லுங்க, வாயால சொல்ற சைஸை ஏத்துக்காதீங்க.

பட்டை வந்து இறங்கறப்ப காலிப்பர் வச்சு தடிமன் பாருங்க. 6 மி.மீ.க்கு விலை வாங்கிட்டு 5 மி.மீ. இறக்கறது சகஜம், கண்ணுக்குத் தெரியாது. எடை மேடைல போட்டாலே தெரிஞ்சுடும்.

பவர் கேபிள் போற அதே அகழில, கேபிளுக்குப் பக்கத்துலயே பட்டையைப் போடுங்க. ஜேசிபி செலவு ஒரே தடவை, அதோட பட்டை கேபிளை ஒட்டி வந்தாத்தான் சுற்றோட இம்பீடன்ஸும் குறையும், தோட்டத்தைச் சுத்தி வேற வழியா கொண்டுவந்தா கூடும். முக்கியமா பட்டையை பிவிசி பைப்புக்குள்ள நுழைக்காதீங்க, வெறுமனே மண்ணைத் தொட்டுக் கிடக்கட்டும். ஏன்னா 100 ஓம் மீட்டர் மண்ணுல 150 மீட்டர் பட்டை அரை மீட்டருக்குக் கீழ புதைஞ்சு கிடந்தா அதுவே கணக்குப்படி ஒன்றரை ஓம் கிட்ட கொடுக்கும். முன்ன சொன்ன மாதிரி ஒரு பைப் 30 ஓம் கொடுக்கற அதே மண்ணுல! திரும்பி வர்ற வழிக்காகப் போடற பட்டையே உங்க தோட்டத்துலயே பெரிய எர்த் எலக்ட்ரோடும் ஆயிடுது, தனியா இருபது குழி வெட்டறது மிச்சம்.

ஜாயின்ட்டெல்லாம் வெல்டிங், பட்டை மேல பட்டை ஏத்தி நாலு பக்கமும். வெல்டிங் சூட்டுல துத்தநாகப் பூச்சு எரிஞ்சுடும், அந்த இடத்துல பிட்டுமன் அடிக்கலைன்னா துரு அங்கேருந்துதான் கிளம்பும். ஒவ்வொரு ஜாயின்ட்டையும், பக்கத்துல டேப் வச்சு ஆழம் தெரியற மாதிரி, மூடறதுக்கு முன்ன ஃபோட்டோ எடுத்துடுங்க. மூடினப்புறம் யார் கேட்டாலும் காட்ட வேற ஆதாரம் இல்லை. கேபிள் ஆர்மரை (மேல சுத்தியிருக்கற இரும்புக் கம்பி உறை) ரெண்டு முனையிலும் கிளாண்டுல (கேபிளைப் பிடிக்கற முனைப் பகுதி) எர்த் பண்ணுங்க, ஆனா அது இருக்கேன்னு பட்டையை விட்டுடாதீங்க.

7. நியூட்ரலும் எர்த்தும் சேர்றது ஒரே இடத்துல

சண்டையே இங்கதான் வரும். மில்லுக்குள்ள எங்கயும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கக்கூடாது. சேர்றது டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட, ஒரே இடத்துல மட்டும். பேனல்லயும் ஒரு லிங்க் போட்டா நியூட்ரல்ல ஓடவேண்டிய கரண்ட்ல ஒரு பங்கு எர்த் பட்டைலயும் ஆர்மர்லயும் சுத்தும், எர்த் லீக்கேஜ் ரிலே (கரண்ட் கசிஞ்சா சப்ளையை அறுக்கற கருவி) காரணமே இல்லாம விழும், இல்லைன்னா விழவேண்டிய நேரத்துல விழாது. ரிலே தொல்லை பண்ணுதுன்னு அதை பைபாஸ் பண்ணிடுவாங்க, அதுதான் இதுல இருக்கறதுலயே பெரிய ஆபத்து.

டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட பாடி எர்த்தையும் நியூட்ரல் எர்த்தையும் இணைக்கலாமா? எல்லாம் சேர்ந்து மொத்த ரீடிங் 1 ஓம் இல்லை அதுக்குக் கீழ வந்தா இணைச்சுடலாம், அதுதான் நல்லது. வரலைன்னா யோசிக்கணும், ஏன்னா 11 கே.வி. பக்கம் பாடில அடிச்சா டேங்க் வோல்டேஜ் ஏறும், அது நியூட்ரல் வழியா, எர்த் பட்டை வழியா நேரா மில்லுக்கு வந்துடும். அப்ப ஹெச்டி பாடி எர்த்தைத் தள்ளித் தனியா வச்சு, மில்லு பட்டையை நியூட்ரல் எர்த்துல இருந்து மட்டும் கிளப்பணும். எது உங்களுக்குன்னு டிசைன் பண்றவர் டிராயிங்ல எழுதணும், சைட்ல ஒயர்மேன் முடிவு பண்ற விஷயம் இல்லை.

ஜெனரேட்டர் இருந்தா அதுக்கும் நியூட்ரலுக்கு ரெண்டு, பாடிக்கு ரெண்டு. அதோட நியூட்ரலைத் தனியா எர்த் பண்ணியிருந்தா சேஞ்ச்ஓவர் சுவிட்ச் 4 போல் (நியூட்ரலையும் சேர்த்து மாத்தறது) வாங்குங்க. 3 போல் விலை கம்மின்னு போட்டா ரெண்டு நியூட்ரலும் எப்பவும் ஒட்டியே இருக்கும், மேல சொன்ன அதே கோளாறு பின்வாசல் வழியா வந்துடும்.

8. வேலி, கேட், பக்கத்துத் தோட்டம்

யார்டு வேலியை எர்த் பண்ணணும், கேட் கீல் வழியா கரண்ட் போகும்னு நம்பாம கேட்டுக்கும் தூணுக்கும் வளையற செம்புப் பின்னல் ஜம்பர் போடணும். உள்ள ஜல்லி அரை அடிக்குக் கொஞ்சம் கம்மியா பரப்புங்க, அது அழகுக்கு இல்லை, ஃபால்ட் நேரத்துல உள்ள நிக்கறவர் காலுக்கும் மண்ணுக்கும் நடுவுல எதிர்ப்பு அதுதான்.

தோட்டத்துக் கம்பிவேலியை மட்டும் யார்டு வேலியோட சேர்த்துக் கட்ட விடாதீங்க. ஃபால்ட் ஆகறப்ப யார்டுல ஏறற வோல்டேஜ் அந்தக் கம்பி வழியா அரை ஃபர்லாங் தள்ளி ஆடு மேய்க்கற புள்ளை கை வைக்கற இடம் வரைக்கும் போகும். நடுவுல ரெண்டு மீட்டராவது இரும்பே இல்லாம விடுங்க. சொட்டுநீர் லைனுக்குப் போற ஜிஐ பைப்பும் இதே மாதிரிதான், யார்டு பக்கத்துல ஒரு துண்டு பிவிசி போட்டு அறுத்துடுங்க.

9. டெஸ்ட்டும் இன்ஸ்பெக்‌ஷனும்

மழை விட்ட மறுநாள் ரீடிங் எடுத்தா எந்தக் குழியும் பாஸ் ஆயிடும். சித்திரை வெயில்ல எடுத்ததுதான் நிஜ ரீடிங், முடிஞ்சா அந்தச் சமயத்துக்கு வேலையை அமைச்சுக்கங்க. மெக்கரோட கரண்ட் குச்சி குறைஞ்சது 30, 40 மீட்டர் தள்ளி அடிக்கணும், நடுக் குச்சி அந்தத் தூரத்துல 62 சதவீதத்துல, அப்புறம் அதை முன்ன பின்ன நகர்த்திப் பார்த்து ரீடிங் மாறாம இருக்கணும். பட்டையோட சேர்த்து மொத்த ரீடிங் எடுக்கறதுன்னா இந்தத் தூரம் பத்தாது, இன்னும் நல்லா தள்ளணும். பத்து மீட்டர் வயரோட வர்றவரைத் திருப்பி அனுப்புங்க. கிளாம்ப் மீட்டர் தனிக் குழிக்கு ஆகாது, சுற்று இருந்தாத்தான் அது காட்டும்.

ஒவ்வொரு குழியையும் கழட்டித் தனித்தனியா எடுக்கறதெல்லாம் சப்ளை வர்றதுக்கு முன்னயே முடிச்சுடுங்க. டிரான்ஸ்ஃபார்மர் ஓடறப்ப நியூட்ரல் எர்த்தை யாரும், எந்தக் காரணத்துக்கும் கழட்டக்கூடாது. இதை யார்டுக்குள்ள போர்டாவே எழுதி மாட்டுங்க.

குழி ரீடிங்கோட நிறுத்தாம, மில்லு கடைசி மோட்டார் பாடில இருந்து டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் வரைக்கும் பட்டை தொடர்ச்சியா இருக்கான்னும் அளக்கச் சொல்லுங்க. எஸ்டிமேட்ல இந்த டெஸ்ட் வராது, நீங்க கேட்டாத்தான் நடக்கும்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு குழி மூடியெல்லாம் திறந்து, ஒவ்வொண்ணுலயும் நம்பர், எதோட எர்த், ரீடிங், தேதி பெயின்ட்ல எழுதியிருக்கட்டும். டிராயிங் ஒண்ணு, சைட் ஒண்ணுன்னு இருந்தா குறிப்பு எழுதிட்டுப் போயிடுவாங்க, சரிபண்ணி மறுபடி தேதி வாங்கறதுலதான் வாரக்கணக்கா போகும். சைட்ல ஏதாவது மாத்தியிருந்தா முன்னாடியே டிராயிங்கைத் திருத்திக் கொடுத்துடுங்க.

10. சப்ளை வந்தப்புறம்

லோடு ஏறி இறங்கி போல்ட்டெல்லாம் கொஞ்சம் தளரும், சப்ளை வந்து ஒரு மாசம் ஆனதும் ஒரு தடவை முறைப்படி லைன் ஆஃப் பண்ணி, டிஸ்சார்ஜ் ராடு (லைன்ல மிச்சம் இருக்கற கரண்ட்டை எர்த்துக்கு இறக்கற கம்பி) போட்டு, எல்லா எர்த் போல்ட்டையும் இறுக்கச் சொல்லுங்க. ஒரு நோட்டுல குழிவாரியா ரீடிங் எழுதிட்டு வாங்க, வருஷா வருஷம் கோடைல, லைன் ஆஃப் பண்ணிட்டு, அதே இடத்துல குச்சி அடிச்சு. ஒரு குழி மட்டும் போன வருஷத்தைவிட ரெண்டு மடங்கு காட்டுச்சுன்னா தண்ணி ஊத்தி ரீடிங்கை இறக்கப் பார்க்காதீங்க, மேல் ஜாயின்ட்டைத் தோண்டிப் பாருங்க, பட்டை அங்கதான் அரிச்சிருக்கும்.